கருங்கட்டியும் ரத்தத்தின் சாட்சியமும்

லண்டன் மாநகரில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்னும் சதுக்கத்தின் ஓரமாக நிற்கும் ராயல் சஸ்திர வைத்தியர் கல்லூரியின் காட்சிசாலையில், ஜான் ஹண்டர் என்ற மகாவைத்தியர் தம் ஆயுள் முழுவதும் அறுத்தும் பதப்படுத்தியும் சேர்த்து வைத்த ஆயிரக்கணக்கான சரீர உறுப்புக்களுக்கிடையே, 35 வயதுடைய ஒரு மனிதனின் கீழ்த்தாடை மூலைக்குப் பின்புறத்திலிருந்து 1787-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கட்டியொன்று குடுவையில் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது. அதன் ஒரு பகுதி வெண்மையாகவும் மற்றொரு பகுதி தொட்டால் அமுங்கும்படி மிருதுவாகவும் கறுத்தும் இருந்ததென்று ஹண்டர் குறித்து வைத்தார். அது இன்ன வியாதி என்று பிரித்துச் சொல்வதற்கு அவர் காலத்தில் பெயரே கிடையாது. 1941 மே மாதத்தில் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் அந்தச் சேகரத்தின் பெரும்பகுதி நாசமடைந்தபோது இக்கட்டி தப்பிப் பிழைத்தது. 1968-இல் அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த பிறகே, அது தோலின் நிறச் செல்களிலிருந்து பிறக்கும் மெலனோமா என்ற புற்றுநோய் என்பது ஐயத்துக்கிடமின்றி நிச்சயமாயிற்று.

ஹண்டரின் அந்தக் கட்டியைப் பற்றிய செய்திகளுள் நெடுநேரம் நின்று சிந்திக்கத் தக்கது ஒன்று உண்டு. அது முதன்முதலாகத் தோன்றிய கட்டியன்று. ஏற்கெனவே ஒருமுறை நீக்கப்பட்டு, நீக்கிய பிறகும் மீண்டும் வளர்ந்த கட்டி. ஆகவே, மெலனோமாவுக்குச் செய்யப்பட்ட சஸ்திர சிகிச்சையைக் குறித்து நம் கைக்கு எட்டியுள்ள மிகப் பழைய பிரத்தியட்சப் பொருளே, அறுத்த பின்பும் சரீரத்தில் ஏதோ எஞ்சியிருந்தது என்பதற்குச் சாட்சியமாக அமைந்துவிட்டது. அதன் பின் கழிந்த 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இந்த வியாதியைத் தொட்ட வைத்தியர் ஒவ்வொருவரும், தையலை முடித்துக் கத்தியைக் கீழே வைக்கும்போது, எல்லாம் வந்துவிட்டதா என்ற அந்த ஒரே கேள்வியின் முன் நின்றிருக்கிறார்கள். விடை சற்றும் தெரியாத காலத்தில் கத்தி அகலமாக ஓடியது. விடையின் ஓரம் தெரியத் தொடங்கியபோது கத்தி சுருங்கியது. நம் காலத்திலோ அந்தக் கேள்வி நோயாளியின் ரத்தத்தினிடம் கேட்கப்படுகிறது. இந்த மூன்று நிலைகளும் எவ்விதம் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தன என்பதே இங்கே சொல்ல வந்த சரித்திரம்.

வியாதிக்குத் தனியிடம் தேடிக் கொடுத்தவர் லாயெனெக் என்ற பிரெஞ்சு வைத்தியர். பிற்காலத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்ற அவர், 23 வயது இளைஞராயிருந்த 1804-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் வைத்தியக் கழகத்தில் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தி, 1806-இல் அதை அச்சிலும் வெளியிட்டார். பிரேதங்களின் நுரையீரல்களில் காணப்படும் கறுப்பு நிறம் யாவும் ஒன்றல்ல, முதியோரின் மூச்சுக்குழல் அருகே படியும் கருமை வேறு, கட்டியாக வளர்ந்து உயிரைக் குடிக்கும் கருமை வேறு என்று அவர் பிரித்துக் காட்டியது சாமானியமான காரியமன்று. அவருடைய ஆசிரியரான டுப்யூட்ரென், இந்தக் கண்டுபிடிப்பில் தமக்குரிய பங்கை மாணவர் மறைத்துவிட்டதாக மனக்கசப்புக் கொண்டார். 'மெலனோமா' என்ற பெயரை ராபர்ட் கார்ஸ்வெல் என்பவர் 1838-இல் வழங்கினார்.

பாரிஸின் பண்டிதர்களைக் காட்டிலும் இந்த நோயை ஆழ்ந்து நோக்கியவர், இங்கிலாந்தின் ஸ்டௌர்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் சாதாரண வைத்தியராக இருந்த வில்லியம் நாரிஸ் என்பது என் அபிப்பிராயம். 59 வயதான ஒருவருடைய அடிவயிற்றில் வெகுகாலமாக இருந்து வந்த மச்சமொன்று கட்டியாகப் பெருத்து, அவர் மாண்டபின் சரீரத்தைத் திறந்து பார்க்கையில் உள்ளுறுப்புக்களிலும் அதே கருங்கட்டிகள் இறைந்து கிடந்ததை, நாரிஸ் 1820-இல் எடின்பரோவிலிருந்து வெளிவந்த வைத்தியப் பத்திரிகையில் விவரித்தார். இறந்தவருடைய தந்தையும் அதே விதமாக மாண்டார் என்பதையும், அக்குடும்பத்தினர் சரீரத்தில் மச்சங்கள் மிகுதி என்பதையும் அவர் விசாரித்து எழுதியிருக்கிறார். பரம்பரை பற்றிய சாஸ்திரம் கருவிலும் உருவாகாத காலத்தில் ஒரு கிராமாந்தர வைத்தியர் கேட்ட அந்தக் கேள்விக்குள்ள பெருமை அளவிடற்கரியது. 37 ஆண்டுகள் பொறுமையுடன் காத்திருந்து, 1857-இல் எட்டு நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டபோது, கட்டியை மட்டும் கிள்ளி எடுத்தல் வீண், அதைச் சூழ்ந்துள்ள ஆரோக்கியமான சதையையும் சேர்த்து அறுக்கவேண்டும், ஆயினும் உள்ளே பரவிவிட்ட பிறகு மருந்தாலும் கத்தியாலும் பயனில்லை என்று அவர் சொன்னார். எஞ்சியிருப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எஞ்சியிருக்கிறது என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் அவர் ஒருவர்.

அப்படிக் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ரத்தமும் ஒன்று என்பதை ஒருவர் நேரிற் கண்ட கதை, நாரிஸின் நூலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் உறைவிட வைத்தியராயிருந்த தாமஸ் ஆஷ்வொர்த், மார்பிலும் வயிற்றிலும் தோலுக்கடியில் சுமார் 30 கட்டிகளுடன் புற்றுநோயால் இறந்த ஒருவருடைய பிரேதத்தில், நோய் தொடாத காலின் சிரையொன்றிலிருந்து ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். கட்டிகளில் கண்ட அதே வடிவச் செல்கள் அந்த ரத்தத்திலும் இருந்தன. மேலே இருக்கும் கட்டிகளிலிருந்து அவை வந்திருக்குமானால், நோயற்ற காலின் சிரையை எட்டுவதற்குச் சரீரத்தின் ரத்த ஓட்டப் பாதையில் பெரும்பகுதியைக் கடந்துதான் வந்திருக்கவேண்டும் என்று 1869-இல் அவர் எழுதிய அனுமானம், தர்க்கத்தின் நேர்மைக்காகவே படித்து இன்புறத் தக்கது. அவர் பார்த்தது இறந்த பின் எடுத்த ரத்தம். உயிரோடிருப்பவரின் ரத்தத்தில் அதைத் தேடும் உபாயம் அன்று யாரிடமும் இல்லாததால், அந்தக் கட்டுரை பத்திரிகைக் கட்டுக்களுக்குள் உறங்கிப் போயிற்று.

ரத்தம் பேசாதிருந்தமையால் கத்தியே பேசவேண்டியதாயிற்று. லண்டனில் ஹெர்பர்ட் ஸ்னோ 1892-இல், நெறி கட்டுவதற்குக் காத்திராமல், கட்டிக்கு அருகிலுள்ள நிணமுடிச்சுக்களை முன்கூட்டியே எடுத்துவிடுவதுதான் புத்தி என்று வாதித்தார். அவருக்குப் பின் 1907-இல் ஹண்டரின் பெயரால் நடைபெறும் சொற்பொழிவுகளில் பேசிய சாம்ப்ஸன் ஹான்ட்லி, நோய் முற்றி இறந்த ஒரு பெண்ணின் பிரேதத்தை வெகு நுட்பமாகச் சோதித்து, கருஞ்செல்கள் தோலின் கீழுள்ள நிணக்குழாய்களின் வழியே சுற்றுமுற்றும் ஊர்ந்து பரவுகின்றன என்று கண்டதாகக் கூறினார். அருகம்புல்லின் மேற்புறத்தைப் பிடுங்கிவிட்டு வேரை மண்ணுக்குள் விட்டுவிடும் உழவனுக்கு எத்தனை பயன் உண்டோ அத்தனை பயன்தான் கட்டியை மாத்திரம் எடுப்பவனுக்கும் என்பது அவர் கொள்கையின் சாரம். தோலைக் கட்டியின் விளிம்பிலிருந்து சுமார் ஓர் அங்குலம் தள்ளி வட்டமாக அறுத்து, அதன் கீழுள்ள கொழுப்பையும் தசையின் உறையையும் எல்லாத் திசைகளிலும் இரண்டு அங்குலம் வரை விலக்கி எடுக்கவேண்டும் என்று அவர் விதித்தார்.

ஒரேயொரு பிரேதத்தின்மீது எழுப்பப்பட்ட அந்த விதி, அரை நூற்றாண்டுக்கு மேல் உலக முழுவதும் வேதவாக்காக வழங்கிற்று என்பதை நினைக்கும்போது மனம் கலங்குகிறது. அவர் தோலுக்கு ஓர் அங்குலமும் அதன் அடியிலுள்ள சதைக்கு இரண்டு அங்குலமும் சொன்னதைக் கூட மறந்து, தோலையே ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுற்றி அறுப்பது வழக்கமாகிவிட்டது. மிளகளவு மச்சத்துக்காகக் கன்னத்திலோ முழங்காலிலோ உள்ளங்கை அகலத்துக்குக் குழி தோண்டி, தொடையிலிருந்து தோல் சீவி ஒட்டவைத்து, அந்தத் தழும்புடன் ஆயுள் முழுவதும் நடமாடியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் சிலருக்கு அத்தனை பெரிய அறுவையும் வேண்டியிருக்கவில்லை. சிலருக்கோ அது போதியிருக்கவுமில்லை. யார் எந்த வகை என்று அறியும் வழி வைத்தியரிடம் இல்லை. அந்த அறியாமைக்கு நோயாளிகள் செலுத்திய விலையை, வைத்தியரின் பரோபகார சிந்தைக் குறைவால் வந்ததென்று நான் சொல்லமாட்டேன். எஞ்சிய ஒரு செல்லுக்காக ஓர் உயிர் போவதைப் பன்முறை பார்த்தவர்களின் அச்சமே அந்தக் கத்தியை அகலமாக ஓட்டிற்று.

அச்சத்துக்கு முதன்முதலில் அளவுகோல் கொடுத்தவர் வாஷிங்டன் நகரத்து நோய்க்கூற்று நிபுணர் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ. நுண்ணோக்கியின் கண்வில்லையில் அளவுக்கோடுகள் பதித்து, தோலின் மேற்படலத்திலிருந்து கட்டியின் மிக ஆழமான செல் வரையுள்ள தடிப்பை மில்லிமீட்டரில் கணக்கிட்டால் நோயின் எதிர்காலத்தைச் சொல்லலாம் என்று 98 நோயாளிகளின் கட்டிகளைக்கொண்டு 1970-இல் அவர் நிரூபித்தார். 0.76 மில்லிமீட்டருக்கும் மெலிந்த கட்டியுடையவர்களுள் ஒருவருக்கும் ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் வாலஸ் கிளார்க் தோலின் அடுக்குக்களைக்கொண்டு வகுத்த நிலைகளைக் காட்டிலும், பிரெஸ்லோவின் எளிய அளவே நிலைத்து நின்றது. பின்னர் இத்தாலியில் வெரோனெசி தலைமையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 612 நோயாளிகளை இரு பகுதியாக்கி, இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத கட்டிகளைச் சிலருக்கு ஒரு சென்டிமீட்டரும் சிலருக்கு மூன்று சென்டிமீட்டரும் விட்டு அறுத்துப் பார்த்ததில், பிழைத்திருப்பதில் வேற்றுமை காணவில்லை என்று 1988-இல் தெரிந்தது. ஹான்ட்லியின் வட்டம் அன்று சுருங்கியது.

நிணமுடிச்சுக்களின் கதையும் இவ்வாறே முடிந்தது. கட்டியிருந்த இடத்தில் நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் சென்று சேரும் ஒரு முடிச்சை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும் என்று அமெரிக்க வைத்தியர் டொனால்ட் மார்ட்டன் 1992-இல் எழுதினார். அந்த முடிச்சில் நோய் இருந்தாலுங்கூட, மற்ற முடிச்சுக்களையெல்லாம் உடனே களைவதால் ஆயுள் நீளுவதில்லை என்பதை, அவர் தொடங்கிவைத்த பெரும் ஆராய்ச்சியே அவர் மறைந்தபின் 2017-இல் வெளிப்படுத்திற்று.

இத்தனை அளவுகளும் அறுத்தெடுத்த பொருளைப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். தடிப்பு என்ன, முடிச்சில் உண்டா இல்லையா என்பன போன கட்டியின் விவரங்கள். மனிதனுக்குள் நின்றுபோனதைப் பற்றி அவை தருவது நிகழ்தகவு ஒன்றையே. ரத்தத்தைக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் மறுபடி தலைதூக்கியது இதனாலேதான். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் மாண்டெல், மெட்டே என்ற இருவர், செல்களுக்கு வெளியே ரத்தத்தின் தெளிநீரிலேயே நியூக்ளிக் அமிலங்கள் மிதந்துகொண்டிருப்பதாக 1948-இல் அறிவித்திருந்தும் அதன் அருமையை அக்காலத்தவர் உணரவில்லை. பசுவின் மூளையில் 1965-இல் காணப்பட்ட எஸ்-100 என்ற புரதமும், லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியும் மெலனோமா நோயாளிகளின் ரத்தத்தில் மிகுவதைக் கண்டு அவற்றை அளந்து பார்த்தார்கள். நோய் நிரம்பப் பரவிய பிறகே அவை நன்கு உயர்கின்றன. சஸ்திர சிகிச்சை முடிந்த மறுமாதம் ஒரு சிறு எச்சத்தை அவற்றால் கண்டு சொல்ல இயலவில்லை.

இந்த இடத்தில் கதை, சற்றும் தொடர்பில்லாதது போல் தோன்றும் ஒரு சிறு புழுவை நாடிச் செல்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருண்டைப் புழுவொன்றின் வளர்ச்சியைப் பரிசோதித்துக்கொண்டிருந்த விக்டர் ஆம்ப்ரோஸும் அவர் சகாக்களும், லின்-4 என்ற மரபணு எந்தப் புரதத்தையும் உண்டாக்காமல், 22 எழுத்துக்களே கொண்ட ஒரு குறுகிய ஆர்.என்.ஏ. துண்டை மாத்திரம் உண்டாக்குவதை 1993-இல் கண்டார்கள். கேரி ருவ்குன் அதே காலத்தில், அந்தத் துண்டு வேறொரு மரபணுவின் செய்தியில் சென்று ஒட்டிக்கொண்டு, அச்செய்தி புரதமாகாமல் தடுக்கிறது என்று காட்டினார். புழுவின் விசித்திரம் என்று கருதப்பட்ட அது மனிதன் உள்பட்ட பற்பல விலங்குகளுக்கும் பொதுவான ஏற்பாடு என்பது 2000-த்தில் ருவ்குன் கண்ட லெட்-7 என்ற மற்றொரு துண்டால் விளங்கிற்று. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று வழங்கும் இவற்றுக்காக அவ்விருவருக்கும் 2024-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

ஆர்.என்.ஏ. என்பது ரத்தத்தில் விட்டால் நொதிகளால் கணத்தில் சிதைந்துபோகும் பொருள் என்றே சாஸ்திர உலகம் நம்பியிருந்தது. சியாட்டிலில் முனீஷ் தெவாரியின் குழுவினர் 2008-இல் செய்த பரிசோதனை அந்த நம்பிக்கையை அகற்றிற்று: ரத்தத் தெளிநீரை அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்திருந்தாலும், பன்முறை உறையவைத்து உருக்கினாலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அப்படியே நின்றன. மனிதப் புற்றுச் செல்களை எலிக்குள் வளர்த்தபோது, அச்செல்களுக்கே உரிய துண்டுகள் எலியின் ரத்தத்தில் வந்து சேர்ந்ததையும் அவர்கள் பார்த்தார்கள். புரதங்களைப் பற்றிக்கொண்டும், செல்கள் உமிழும் நுண்பைகளுக்குள் ஒடுங்கியும் அவை அழிவிலிருந்து தப்புகின்றன என்பது பின்னர் தெரியவந்தது.

இனி, ஜப்பானிலுள்ள குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் தோல்நோய்ப் பகுதிக்கு வருவோம். கனெமாருவும் அவருடைய சகாக்களும் 94 மெலனோமா நோயாளிகளின் ரத்தத்தையும் நோயற்ற 20 பேரின் ரத்தத்தையும் எடுத்து, மைக்ரோ ஆர்.என்.ஏ. 221 என்ற ஒன்றை மட்டும் அளந்து 2011-இல் வெளியிட்டார்கள். அதைத் தேர்ந்ததற்குக் காரணமுண்டு: செல் கட்டுமீறிப் பிரிவதைத் தடுக்கும் பி-27 என்ற புரதம் உருவாகாமல் அமுக்கிவைப்பது இந்தத் துண்டு என்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது. நோயாளிகளிடம் அது மிகுந்திருந்தது. கட்டியின் தடிப்பு ஏற ஏற அதன் அளவும் ஏறி நின்றது. அதனினும் முக்கியமாக, சில நோயாளிகளைக் காலக்கிரமத்தில் தொடர்ந்து பார்த்ததில், மூலக் கட்டியை அறுத்தெடுத்த பின் அது இறங்கவும், நோய் திரும்பியபோது மறுபடி ஏறவும் கண்டார்கள். ஆஷ்வொர்த் பிரேதத்தின் காற்சிரையில் தேடியதற்கு ஒப்பான ஒன்று, உயிருள்ள மனிதனின் ரத்தத்தில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஏறி இறங்கும் எண்ணாகக் கிடைத்தது.

இந்தப் பரிசோதனை ஜப்பானில் நடந்தது நமக்கும் நெருங்கிய செய்தி. வெள்ளைத் தோலினருக்கு வெயில் பட்ட முதுகிலும் கால்களிலும் வரும் இவ்வியாதி, ஜப்பானியரிடத்தில் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே மிகுதி. நம்மைப் போன்ற கருந்தோலினருக்கு மெலனோமா அரிது. வருங்கால் அந்த இடங்களையே நாடி வருகிறது. நகக்கண்ணிலிருந்து அதைச் சூழ்ந்த தோலுக்குப் பரவும் கருமையை ஓர் எச்சரிக்கையாக ஜோனதன் ஹட்சின்ஸன் 1886-லேயே குறிப்பிட்டிருந்தும், நம் நாட்டில் அதைக் கால் ஆணி என்றும், முள் தைத்த வடு என்றும், இடித்துக்கொண்டதால் வந்த ரத்தக்கட்டு என்றும் கருதி, தடிப்பு பல மில்லிமீட்டர் ஆகும்வரை வைத்தியரிடம் காட்டாமலிருப்பவர் உண்டு. உள்ளங்காலில் ஆறாத கரும்புள்ளி ஒன்று தோன்றினால், அதைச் செருப்புக் கடித்ததென்று ஒதுக்கிவிடலாகாது.

குமமோட்டோவின் எண்களைக் கண்டதும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதென்று எண்ணுவது அவசரமாகும். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் புற்றுக்கட்டி மட்டுமா ரத்தத்தில் விடுகிறது? சிவப்பணுக்களில் 451, 16 என்ற எண்ணுள்ளவை நிறைந்திருப்பதால், ரத்தம் எடுக்கும் ஊசியின் இழுப்பில் சில அணுக்கள் உடைந்தாலும் கணக்கு மாறிவிடுகிறது. ரத்தத்தை உறையவிட்டுப் பிரித்த நீரிலும், உறையாமல் தடுத்துப் பிரித்த நீரிலும் அளவுகள் ஒத்துவருவதில்லை. அறுவையே ஒரு காயமாதலால், அது ஆறும் நாட்களில் வீக்கத்தோடு தொடர்புள்ள துண்டுகள் ஏறி இறங்குகின்றன. ஆகவே அறுவைக்கு மறுநாள் கண்ட மாறுதலைக் கட்டி போனதன் விளைவு என்று கொள்வதா, கத்தி பட்டதன் விளைவு என்று கொள்வதா என்ற சங்கடம் எழுகிறது. எதை நிலையான அளவாக வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுவது என்பதிலும் ஆய்வுக்கூடங்களுக்குள் உடன்பாடு இல்லை. ஒருவர் ஒப்பீட்டுக்கு நிலைக்கல்லாக வைத்த 16-ஐயே மற்றொருவர் நோயின் அடையாளமாகக் கொள்ளும் நிலையும் உண்டு. பிரிஸ்பேனில் மிட்செல் ஸ்டார்க் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஏழு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் தொகுதியில், நிறச் செல்களுக்கே உரிய 211-உடன் அந்த 16-உம் இடம்பெற்றிருக்கிறது. ஒற்றைச் சாட்சியைக் காட்டிலும் பல சாட்சிகளைச் சேர்த்து விசாரிப்பது நல்லதென்ற அவர்களுடைய வழி எனக்கு உவப்பானதே.

இந்த விசாரணை வெறும் ஆராய்ச்சி ஆவலால் நடப்பதன்று. மூலக் கட்டியும் நோயுற்ற நிணமுடிச்சும் எடுக்கப்பட்டவர்களுக்கு, எஞ்சியிருக்கக்கூடிய செல்களைச் சரீரத்தின் சொந்தக் காவற்படையைக் கொண்டே அழிக்கச் செய்யும் மருந்துகள் 2015 முதல் ஒன்றன்பின் ஒன்றாக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. அவை பலருக்கு நோய் திரும்புவதைத் தடுத்திருக்கின்றன; அதே காவற்படை தைராய்டு, குடல், கல்லீரல் முதலிய ஆரோக்கியமான உறுப்புக்களைத் தாக்கி, சிலருக்கு ஆயுளுக்கும் நீங்காத தீங்கையும் விளைத்திருக்கிறது. கத்தியாலேயே முற்றும் குணமடைந்துவிட்ட ஒருவர், தமக்குத் தேவையில்லாத மருந்தை ஓராண்டு ஏற்று அந்தத் தீங்கைச் சுமப்பதும், ஹான்ட்லியின் வட்டத்தால் வேண்டாத தழும்பைச் சுமந்ததும் ஒரே அறியாமையின் இரண்டு விளைவுகள்.

கத்தியாலேயே குணமடைந்தவரையும் நோய் எஞ்சியிருப்பவரையும் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்காக மைக்ரோ ஆர்.என்.ஏ.வோடு, கட்டியிலிருந்து உதிர்ந்த டி.என்.ஏ. துணுக்குகளையும் இன்று பல நாடுகளில் அளந்து வருகிறார்கள். அறுவைக்கு முன் ஒருமுறை, காயம் ஆறிய பின் ஒருமுறை, அதன் பின் மாதங்கள் விட்டுவிட்டு என்று ஒரே நோயாளியின் ரத்தத்தை ஒரே முறையில் எடுத்து, ஆண்டுக்கணக்கில் சேமித்து, நோய் திரும்பியவரையும் திரும்பாதவரையும் ஒப்பிட்டாலன்றி அந்த எண்களை நம்ப இயலாது. அது முடியும்வரை ஆஸ்பத்திரிகளில் நடைமுறை பழையதாகவே இருக்கிறது: பிரெஸ்லோவின் மில்லிமீட்டர், மார்ட்டனின் ஒரு முடிச்சு, சில மாதங்களுக்கு ஒருமுறை வைத்தியர் விரல்களால் கழுத்தையும் அக்குளையும் தொடையிடுக்கையும் அழுத்திப் பார்ப்பது, வேண்டுமிடத்தில் ஒலியலைப் படம், வீட்டில் நோயாளி தம் தோலைத் தாமே பார்த்துக்கொள்வது.